படத்தில் பார்த்த பிரெஞ்சுச் சமையல் நம் வீட்டில் எடுபடுமா?

வாசகர் கேள்வி: கடந்த பள்ளி விடுமுறையில், பாரிஸ் உணவகமொன்றில் எலி சமைக்கும் அந்த அனிமேஷன் படத்தை மறுபடியும் திரையிட்டார்கள். மாமியார் உட்பட ஐந்து பேரும் போய்ப் பார்த்தோம். அன்றிலிருந்து படிவம் மூன்றில் படிக்கும் என் மகளுக்குப் பிரெஞ்சுச் சமையல் பைத்தியம் பிடித்துவிட்டது. படத்தின் முடிவில் வரும் காய்கறிப் பதார்த்தத்தை நாங்களே செய்து பார்த்தோம். வெள்ளரியைப் போல் தோற்றமளிக்கும் சுக்கினிக் காய் கிடைக்காததால் வெள்ளரிக்காய் போட்டு, சிறிய ஓவனில் 200 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தோம். மேலே கருகி, உள்ளே கத்தரிக்காய் வேகாமல், தட்டெல்லாம் தண்ணீர் தேங்கிவிட்டது. மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "காய்ச்சல்காரனுக்குக் கொடுக்குற சாப்பாடு மாதிரி இருக்கு" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது, ஒயின் வாங்குவதில்லை, வெள்ளிக்கிழமை முட்டைகூடச் சேர்க்க மாட்டோம். இத்தனை கட்டுப்பாடுகளோடு இந்தச் சமையல் சாத்தியமா? பெரிய ஓவன் வாங்க வேண்டுமா? மகள் சமையற்கலைதான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பாவோ, "படம் பார்த்து வந்த ஆசை, ரெண்டு வாரத்துல போயிடும்" என்கிறார். என்ன செய்யலாம்? (பெயர் வெளியிட விரும்பாத தாய், ஜெலுத்தோங், பினாங்கு)

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தப் பதார்த்தத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. படத்தில் ராட்டட்டூய் என்று சொல்லிப் பரிமாறப்படுவது, தென் பிரான்சின் நீஸ் நகரத்து வீடுகளில் கிண்டப்படும் ராட்டட்டூய் அன்று. வீட்டில் செய்வது, கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் துண்டுகளாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் சேர்க்கும் சாதாரணக் காய்கறிக் கூட்டு. மெல்லிய வட்டங்களை விசிறிபோல் அடுக்கும் வடிவம் மிஷேல் கெரார் என்ற பிரெஞ்சுச் சமையல் நிபுணர் 1976-இல் வெளியிட்ட செய்முறையிலிருந்து பிறந்தது. அதை அமெரிக்கச் சமையல் நிபுணர் தாமஸ் கெல்லர், 2007-இல் வந்த இந்தப் படத்துக்காக மெருகேற்றிக் கொடுத்தார். ஆக, நீங்களும் உங்கள் மகளும் முதல் முயற்சியிலேயே கைவைத்தது உயர்தர உணவகத்தின் தட்டில்! அது சரியாக வராததில் வியப்பில்லை.

தண்ணீர் தேங்கியதற்கு முதல் காரணம் வெள்ளரிக்காய். அதன் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தண்ணீர். சுக்கினியிலும் தண்ணீர் அதற்கு அதிகம் குறைவில்லை என்றாலும், அதன் சதை வெந்ததும் குழைந்து தண்ணீரைத் தன்னுள்ளேயே ஓரளவு பிடித்துக்கொள்ளும், வெள்ளரி பிடித்துக்கொள்ளாது. சுக்கினி கிடைக்காத நாளில் அதை விட்டுவிட்டுக் கத்தரிக்காயையும் தக்காளியையும் கூட்டிக்கொள்ளுங்கள்; பீர்க்கங்காயையும் சுரைக்காயையும் அதன் இடத்தில் வைக்க வேண்டாம். கத்தரிக்காய் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கெல்லரின் செய்முறை கேட்பது ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கும் குண்டுக் கத்தரிக்காயை அன்று; ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும் வகையைத்தான். நம் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் நீள ஊதாக் கத்தரிக்காய் அதற்கு மிகவும் பொருந்தும்.

இரண்டாவது காரணம் சூடு. 200 டிகிரியில், அதுவும் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும் சிறிய ஓவனில், மேற்பரப்பு அரை மணியில் கருகும். கீழே இருக்கும் காய் அதற்குள் தண்ணீரை விட்டிருக்குமே தவிர வெந்திருக்காது. இந்தப் பதார்த்தத்துக்கு ஏறக்குறைய 135 டிகிரி போதும். காய்களை ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் வெட்டி அடுக்கி, மேலே எண்ணெய் புகாத பேக்கிங் தாளைத் தட்டின் அளவுக்கே வெட்டி ஒட்டினாற்போல் மூடி, இரண்டு மணி நேரம் விட வேண்டும். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் வைத்தால், வெளிவந்த சாறு வற்றித் துண்டுகளின் மேல் பளபளவென்று படியும். அடுக்குக்கு அடியில் ஒரு சாஸ் இருக்கிறது. அதை நீங்கள் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. குடைமிளகாயைத் தீயில் சுட்டுத் தோலுரித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, தக்காளியோடு சாறு முழுவதும் வற்றும்வரை வதக்கி எடுப்பதே அது. அந்தப் பதார்த்தத்தின் ருசி பெரும்பாலும் அடியில் இருக்கும் இந்த ஒரு கரண்டி விழுதிலிருந்துதான் வருகிறது. மேலே இருக்கும் அடுக்கு கண்ணுக்கு.

ஆனாலும், வீட்டு ராட்டட்டூயை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. கத்தரிக்காய்த் துண்டுகளில் உப்புத் தூவி அரை மணி வைத்தால் தண்ணீர் கசியும். துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அகலமான இருப்புச்சட்டியில் ஒவ்வொரு காயையும் தனித்தனியாக, நெருக்காமல், ஓரம் சிவக்க வதக்கி எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, காய் வதங்குவதற்குப் பதிலாக அதன் ஆவியிலேயே வேகும். நிறமும் வராது, மணமும் வராது. கடைசியில் வெங்காயமும் தக்காளியும் வதங்கிய விழுதில் எல்லாவற்றையும் சேர்த்து மிதமான தீயில் இருபது நிமிடம் வைத்து இறக்கினால் போதும். மறுநாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அதற்குரிய தைம் இலை பேரங்காடியில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஓமத்தை இரு விரலால் மிகச் சிறிதளவு எடுத்துக் கசக்கிப் போடலாம். இரண்டின் மணத்துக்கும் காரணமான முக்கியப் பொருள் தைமோல் என்ற ஒன்றே. ஆனால் ஓமத்தில் அது மிக உக்கிரமாக இருக்கும். கொஞ்சம் கூடினாலும் கஷாய வாடை அடித்துவிடும்.

உங்கள் மாமியாரின் குறை நியாயமானது. அவர் தட்டுக்கு வந்தது தண்ணீரில் கரைந்த உப்பு. நம் சமையலில் மிளகாயும் புளியும் மசாலாவும் பல பிழைகளை மறைத்துவிடும். பிரெஞ்சுச் சமையலில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. உப்பைக் கடைசியில் ஒருமுறை போடுவதை விட்டுவிட்டு, வெங்காயம் வதங்கும்போது ஒரு சிட்டிகை, காய் சேரும்போது ஒரு சிட்டிகை என்று படிப்படியாகப் போட்டுச் சுவைத்துப் பாருங்கள். சப்பென்று தோன்றினால் உடனே உப்பை எடுக்காமல் சில துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். பல நேரங்களில் குறைவது புளிப்புத்தான். சாறு தண்ணீராக இருந்தால் வற்ற விடுங்கள், மாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். சமைக்கும்போது மிளகாய்த்தூள் சேர்க்க வேண்டாம் என்றுதான் மகளிடம் சொல்வேன். சேர்த்துவிட்டால் தன் பிழை எங்கே என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும். மேசையில் மாமியார் பக்கத்தில் ஒரு கிண்ணம் சம்பால் வைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. பிரெஞ்சுக்காரர்களே மேசையில் கடுகு விழுது வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

இனி ஒயின். "கொதித்தால் சாராயம் போய்விடும்" என்று பலர் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அட்டவணையின்படி, ஒயின் சேர்த்த குழம்பு அரை மணி நேரம் கொதித்த பின்பும் சுமார் 35 விழுக்காடு ஆல்கஹால் எஞ்சும். இரண்டரை மணி நேரம் கொதித்தால்கூட 5 விழுக்காடு எஞ்சும். வேண்டாம் என்று வைத்திருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்தான். ஒயின் அங்கே செய்யும் முக்கிய வேலை, புளிப்புக் கொடுப்பதும் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சிவந்த படிவைக் கரைப்பதும். அந்த வேலையைக் கோழி எலும்புச் சாறும் ஒரு தேக்கரண்டி ஆப்பிள் வினிகரும் செய்துவிடும். ஒயினின் மணம் மட்டும் வராது. சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக ஊறி வேகும் இறைச்சி வகைகளை இப்படி மாற்றிச் செய்து அதே பெயரைச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒயினே கேட்காத வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அவற்றின் பின்னால் ஏன் ஓட வேண்டும்?

எலும்புச் சாறு என்றதும் ஒரு விளக்கம் தேவை. படத்தில் சமையலறையின் நடுவே எப்போதும் ஒரு பெரிய பானை ஆவி விடுவதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் மகள் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சந்தையில் கோழிக்காரரிடம் சதை எடுத்த எலும்புக்கூடு ஒரு கிலோ வாங்குங்கள், மலிவாகக் கிடைக்கும். கழுவி, இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான குளிர்ந்த நீரில் போட்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். சாம்பல் நிற நுரை மேலே கூடும். அது அடங்கும்வரை கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டே இருங்கள். அதன் பிறகே ஒரு கேரட், ஒரு வெங்காயம், ஒரு தண்டு செலரி, பிரிஞ்சி இலை, சில மிளகு சேர்க்க வேண்டும். மஞ்சள் வேண்டாம், உப்பும் வேண்டாம். தண்ணீரின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவுக்கே தீ இருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் நுரையும் கலந்து சாறு கலங்கிவிடும். மூன்று மணி நேரத்தில் வடிகட்டிவிடலாம். நம் ஊர் வெப்பத்தில் அதை இரவு முழுவதும் அடுப்பின்மேல் விட்டுவைக்கக் கூடாது. பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

மாட்டிறைச்சியைத் தவிர்ப்பது எளிது. மாட்டிலிருந்து வருவதைத் தவிர்ப்பதற்குத்தான் கவனம் தேவை. பிரெஞ்சுச் சமையலின் பழுப்பு நிறச் சாஸ்களுக்கு மரபாக அடிப்படை கன்றின் எலும்பு. உணவகத்தில் கோழி கேட்டாலும் அதன்மேல் ஊற்றப்படுவது அதுவாக இருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது. குருயேர், கோம்த்தே போன்ற பாரம்பரியப் பாற்கட்டிகளைத் திரிய வைக்கச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். இது தெரியாமலே சைவம் என்று வாங்குபவர்கள் பலர். நுண்ணுயிர் ரென்னட் அல்லது சைவ ரென்னட் என்று உறையில் அச்சிட்டிருக்கும் பாற்கட்டிகளைத் தேடி வாங்குங்கள். மூஸ், பவரோவா வகை இனிப்புகளில் சேரும் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும். அகர் அகரைக் கொண்டு செய்யலாம், ஆனால் அது ஜெலட்டினைவிட விறைப்பாக இறுகும் என்பதால் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்று கேட்டால், நீஸ் நகரமே உங்களுக்கு விடை வைத்திருக்கிறது. அங்கே தெருவோரத்தில் விற்கும் சொக்கா, கடலை மாவில் செய்யப்படுவது. 250 கிராம் கடலை மாவு, அரை லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு. கட்டியில்லாமல் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். அவர்கள் விறகு அடுப்பில் பெரிய செம்புத் தட்டில் சுடுகிறார்கள். உங்கள் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, தோசையைவிடத் தடிமனாக ஊற்றி, அடி முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும் பதத்தில் எடுத்து, மேலே மிளகை இடித்துத் தாராளமாகத் தூவுங்கள். முட்டை இல்லை, பால்கூட இல்லை. கூடவே ராட்டட்டூய் இருந்தால் அது முழுச் சாப்பாடு. மாமியாரிடம் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

பினாங்கில் இருப்பவர் பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸ் செய்யாமல் இருக்கக் கூடாது. 50 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு கோதுமை மாவைச் சேர்த்து நிறம் மாறாமல் இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, 600 மில்லிலிட்டர் பாலைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, கொதி வந்த பின்பும் பத்து நிமிடம் சிறு தீயில் வைக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுவதால்தான் பச்சை மாவு வாடை அடிக்கிறது. கடைசியில் அதன்மேல் துருவ வேண்டியது ஜாதிக்காய். அது உங்கள் தீவின் பொருள். பாலிக் புலாவ் பக்கத்துக் கொட்டையை முழுதாக வாங்கி அவ்வப்போது துருவிக்கொள்ளுங்கள், பொடியாக வாங்காதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் ஜாதிக்காயைப் பொத்திப் பொத்திக் காத்தபோது, பியேர் புவாவ்ரு என்ற பிரெஞ்சுக்காரர் அதன் கன்றுகளை மொரீசியசுக்குக் கடத்தி வரச் செய்தார்; பிறகு ஆங்கிலேயர் பினாங்கில் நட்டார்கள். கேமரன் மலைக் காலிபிளவரை அரைவேக்காடாக எடுத்து இந்தச் சாஸை ஊற்றி ஓவனில் மேற்புறம் சிவக்க வைத்தால், பிள்ளைகள் தட்டைச் சுரண்டுவார்கள்.

ஓவனைப் பற்றிச் சுருக்கமாக: இப்போது வாங்காதீர்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அடுப்பிலேயே முடியும். மற்றவற்றுக்கு உங்கள் சிறிய ஓவனே போதும், கீழ்த்தட்டில் வைத்தால் சரி. உப்பில்லா வெண்ணெய், அடி கனத்த சட்டி ஒன்று, சமையலுக்கென்று இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள நல்ல கத்தி ஒன்று, இவற்றுக்குப் பணம் செலவழியுங்கள். வார இறுதியில் கேரட்டும் வெங்காயமும் ஒரே அளவில் பொடியாக நறுக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். அதில் அவள் சலிக்கிறாளா, மணிக்கணக்கில் ஒன்றிப்போகிறாளா என்பதைப் பார்த்தாலே, அவள் அப்பா எழுப்பிய சந்தேகத்துக்கு ஓரளவு விடை கிடைக்கும். ஆசை எங்கிருந்து வந்தது என்பது பொருட்டில்லை. மருத்துவராகும் ஆசைகூடப் பலருக்குத் திரையிலிருந்துதான் வந்தது.

படத்தில் காட்டாததையும் அவளிடம் சொல்லியாக வேண்டும். இன்றைய பெரிய உணவகச் சமையலறைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு, ஒருவர்மேல் ஒருவர் என்ற படிநிலை இருக்கிறதே, அதை வகுத்தவர் பிரெஞ்சுச் சமையல் நிபுணர் எஸ்கோஃபியே (1846–1935). அவர் 1870-இல் பிரெஞ்சு ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். அந்த ஒழுங்கு இன்றும் சமையலறைகளில் தெரியும். புதிதாக வருபவர் மாதக்கணக்கில் உரிப்பதும் வெட்டுவதும் கழுவுவதுமாகவே இருப்பார். நாள் முழுவதும் நிற்க வேண்டும். மற்றவர்கள் படம் பார்க்கப் போகும் விடுமுறை நாள்களில்தான் வேலை அதிகம். தீபாவளியன்று விடுப்புக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவள் உறுதியாக இருந்தால் வழிகள் உண்டு. படிவம் மூன்றுக்குப் பிறகு தொழிற்கல்லூரிகளில் சமையற்கலைப் பிரிவில் சேரலாம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டுச் சமூகக் கல்லூரிக்கும் போகலாம். இவற்றில் கட்டணம் குறைவு. மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. 1895-இல் பாரிசில் தொடங்கிய லெ கோர்டோன் புளூ பள்ளி கோலாலம்பூர் அருகே சன்வேயில் இயங்குகிறது. பிரெஞ்சு முறையை அடிப்படையிலிருந்து கற்றுத் தருவார்கள், ஆனால் பல்லாயிரம் ரிங்கிட் செலவாகும். என்னைக் கேட்டால், எஸ்.பி.எம். வரை படிக்கட்டும், நீண்ட விடுமுறையில் தெரிந்தவர் உணவகத்தில் சில வாரங்கள் கைவேலைக்குப் போகட்டும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டில் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அரசாங்கக் கல்லூரிகளின் சமையலறை ஹலால் முறையில் நடப்பதால் ஒயினும் பன்றி இறைச்சியும் அங்கே இருக்காது, மாட்டிறைச்சி இருக்கும். பாடத்திட்டத்தில் அதை வெட்டவும் சமைக்கவும் வேண்டிவரும், சுவைத்துப் பார்க்காமல் ஒரு சாஸைச் சரிசெய்வது கடினம். மாணவர்களில் சிலர் சமைப்பார்கள், சுவைக்க மாட்டார்கள். நண்பரைச் சுவைக்கச் சொல்லிச் சமாளிப்பார்கள். சிலர் அந்தக் காரணத்தாலேயே பேஸ்ட்ரிப் பிரிவுக்கு மாறிக்கொள்வார்கள். இரண்டும் மதிப்பான வழிகளே. எது தனக்கு ஒத்துவரும் என்று உங்கள் மகள் பாட்டியிடமும் உங்களிடமும் உட்கார்ந்து பேசட்டும். சேரப்போகும் கல்லூரியிடம் சுவைத்தல் கட்டாயமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.